ஏற்காட்டுக்கு இழுத்துப் போகும் கேம்பருக்கு எந்த டிரெய்லர் ஃபிரேம்?

மலைவாசல்:
வணக்கம் நண்பர்களே. சேலத்திலிருந்து ஏற்காடு, மேட்டூர், ஒகேனக்கல் பக்கம் போய்த் தங்க, ரெண்டு பேர் படுக்கிற மாதிரி சின்ன கேம்பர் ஒன்று கட்டும் திட்டம். பெட்டி 10 அடி நீளம், 5 அடி அகலம், பின்பக்கம் சமையல் மேடை. தண்ணீர், பேட்டரி, சாமான் எல்லாம் சேர்த்து 700 கிலோவைத் தாண்டக் கூடாது. இழுப்பது பொலிரோ. அடிச்சட்டத்துக்கு மூன்று வழி கண்ணில் படுகிறது. ரோடு கான்ட்ராக்டர் ஒருவரிடமிருந்து வரும் பழைய ஜெனரேட்டர் டிராலி (75 மி.மீ. சேனல் எனும் சி வடிவ இரும்புச் சட்டம், தரை 8 அடிக்கு 4½ அடி, பட்டை ஸ்பிரிங்). அல்லது தொட்டியைக் கழற்றிய மினி டிராக்டர் டிரெய்லர். அல்லது புதிதாகப் பைப் வாங்கி வெல்டிங். எதை எடுக்கலாம், வாங்கும்போது எங்கெல்லாம் பார்க்கணும், பெட்டி ஏற்றும் முன் என்னென்ன செய்யணும்?

கொண்டலாம்பட்டி பட்டறை:
டிராக்டர் டிரெய்லரை இப்பவே விட்டுடுங்க. மெதுவா ஓடுற டிராக்டருக்குப் பின்னாடி மண்ணும் செங்கல்லும் ஏத்தக் கட்டினது அது. மினி டிராக்டர் டிரெய்லர் பலதுல ஸ்பிரிங்கே கிடையாது, ஆக்சில் நேரா சேசிஸ்ல உக்காந்திருக்கும். அதுமேல பிளைவுட் பெட்டி வெச்சு பைபாஸ்ல 60ல ஓட்டினா கொஞ்ச நாள்ல ஸ்குரூ எல்லாம் துளையை விட்டு வெளிய வந்துடும். வெறும் வண்டி எடையே உங்க 700ல பாதியை முழுங்கிடும். முன்னாடி இருக்கிறதும் பின் போட்டு மாட்டுற வளையம், கார் பின்னாடி இருக்கிற இரும்புக் குண்டு (பால்) மேல மாட்டுற பால் கப்ளர் இல்லை.

ஜெனரேட்டர் டிராலி பார்க்கலாம். ஆனா இரும்பைத் தட்டிப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஆர்சி இருக்கா, சேசிஸ் நம்பர் ஃபிரேம்ல பொறிச்சிருக்கா, ரெண்டும் ஒத்துப்போகுதா பாருங்க. மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லர் தனி வாகனம், பதிவில்லாம ரோட்ல ஏத்த முடியாது. சைட்டுக்குள்ளயே கிடந்த டிராலிகள்ல பாதிக்கு மேல காகிதம் இருக்காது. காகிதம் இல்லைன்னா அது டிரெய்லர் இல்லை, பழைய இரும்பு. அந்த விலைக்குக்கூட உங்களுக்கு உபயோகப்படாது. காகிதம் இருந்தாலும் தரையை நீட்டுறது, பெட்டி கட்டுறதெல்லாம் ஆர்சியில இருக்கிற விவரத்தை மாத்துற வேலை. சட்டத்தோட 52வது பிரிவு அதுக்கு முன் அனுமதி கேட்குது. அளவோட ஒரு படம் போட்டு எடுத்துட்டுப் போய் ஆர்டிஓ ஆபீஸ்ல பேசிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க. நீங்க சொல்ற 700 நல்ல இலக்கு. 750 கிலோ மொத்த எடை வரைக்கும் டி1 வகை, அதைத் தாண்டினா டி2.

கணக்குநோட்டு:
பட்டறைக்காரர் சொன்னதோடு ஒன்று. அந்த ஜெனரேட்டர் டிராலியின் ஆக்சில் உங்களுக்கான இடத்தில் இருக்காது. இன்ஜின் எடை நடுவில் உட்காரும் என்று கணக்குப் போட்டு வைத்தது அது. நீங்கள் பின்னால் 2 அடி நீட்டி, அந்த 2 அடியில் சமையல் மேடையும் சிலிண்டரும் வைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முனை எடை, அதாவது கப்ளர் பாலை அழுத்தும் எடை, மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் வண்டி வாலாட்ட ஆரம்பிக்கும். ஆட்டம் ஒருமுறை பிடித்துவிட்டால் வேகம் கூடக் கூடப் பெரிதாகும்.

அதனால் எந்த ஃபிரேம் என்பதை முடிவு செய்யும் முன் ஒரு தாளில் பக்கவாட்டுப் படம் போடுங்கள். எல்லாத் தூரத்தையும் கப்ளரிலிருந்து அளக்க வேண்டும். முன்நீட்டம் (கப்ளரிலிருந்து தரையின் முன்விளிம்பு வரை) 1200 மி.மீ., தரை 3000 மி.மீ. என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரி:

ஃபிரேம் 100 கிலோ, 2400 மி.மீ.
ஆக்சில், சக்கரம், ஸ்பிரிங் 90 கிலோ, 3100
பெட்டி 250 கிலோ, 2700
சமையல் மேடை, அடுப்பு, பாத்திரம் 60 கிலோ, 3950
பேட்டரி 30 கிலோ, 1400
தண்ணீர் 50 லிட்டர், 2700
மெத்தை, சாமான் 100 கிலோ, 2600

ஒவ்வொன்றிலும் எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 18,68,000. மொத்த எடை 680. வகுத்தால் எடை மையம் 2747 மி.மீ.யில் வருகிறது. ஆக்சில் 3100ல், இடைவெளி 353. முனை எடை = 680 × 353 ÷ 3100 = 77 கிலோ, 11.4 சதவீதம். சரியான இடம்.

இப்போது தண்ணீர்த் தொட்டியை மட்டும் சமையல் மேடைக்குக் கீழே, 4000 மி.மீ.க்குத் தள்ளிப் பாருங்கள். முனை எடை 56 கிலோவாக, 8.3 சதவீதமாக இறங்கிவிடுகிறது. குழாய்க்குப் பக்கத்தில் தொட்டி இருந்தால் வசதி என்று பலரும் செய்வது இதைத்தான். தொட்டி 2700ல் இருந்தால், தண்ணீர் தீர்ந்த பிறகும் 71 கிலோ நிற்கும், சதவீதம் ஏறக்குறைய மாறாது.

ஆக்சில் தரையின் முன்விளிம்பிலிருந்து 1900 மி.மீ.யில், அதாவது 60 சதவீதத்துக்குச் சற்று மேல் வருகிறது. ஸ்பிரிங்கை ஃபிரேமோடு பிடிக்கும் ஹேங்கரை அங்கே மாற்றி வெல்டு வைக்க இடம் கொடுக்கும் ஃபிரேம் என்றால் வாங்கலாம். இல்லாவிட்டால் புதிது கட்டுவதே மேல்.

மலைவாசல்:
நன்றி சார், அட்டவணையை என் எடைகளோடு போட்டுப் பார்க்கிறேன். டிராலிக்கு ஆர்சி இல்லை என்று தெரிந்துவிட்டது, அதனால் புதிது. 75 சேனலா, பாக்ஸ் பைப்பா?

கணக்குநோட்டு:
ரெண்டு நீளச் சட்டம் 6 மீட்டர், முன்பக்க ஏ வடிவக் கால்கள் 3.8 மீட்டர், குறுக்குச் சட்டம் ஐந்து 7.5 மீட்டர், மொத்தம் 17.3 மீட்டர். 75 × 40 சேனல் மீட்டருக்கு 7 கிலோ சொச்சம், முழுவதும் அதிலேயே கட்டினால் 120 கிலோவைத் தாண்டும். 80 × 40 × 3.2 மி.மீ. பாக்ஸ் பைப் மீட்டருக்கு 5.7 கிலோ அளவு, முழுவதும் போட்டால் 100 கிலோவுக்குள். குறுக்குக்கு மட்டும் 50 × 50 × 3 போட்டால் 90க்கு வந்துவிடும். வாங்கும்போது ஒய்எஸ்டி 310 தரம் என்று கேட்டு, பைப்பில் அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வெர்னியரை எடுத்துப் போய் கனத்தை அளந்துவிடுங்கள். 3.2 என்று பில் போட்டு 2.6 கொடுப்பது உண்டு.

கொண்டலாம்பட்டி பட்டறை:
எடை கணக்கு சரிதான் சார், ஆனா சேனலுக்கும் ஒரு நியாயம் இருக்கு. துரு வந்தா கண்ணுக்குத் தெரியும், போல்ட் போட கை உள்ள போகும். பாக்ஸ் பைப் உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சு ஒருநாள் ஓட்டை விழுந்தப்பதான் தெரியும்.

ஆனா முறுக்குக்கு சேனல் நிக்காது, அதை ஒத்துக்கிறேன். ஏற்காடு கொண்டை ஊசியில ஒரு சக்கரம் உள்பக்க மேட்டுலயும் ஒரு சக்கரம் வெளிப்பக்கச் சரிவுலயும் நிக்கும்போது சேனல் ஃபிரேம் முறுக்கிக்கும். மேல இருக்கிற பெட்டியோட கதவு அந்த நேரத்துல திறக்காது, மூடாது. அதனால பாக்ஸ் போடுங்க. பைப்போட ரெண்டு முனையையும் தகடு வெச்சு முழுசா வெல்டு பண்ணி அடைங்க, இல்லைன்னா அடிப்பக்கம் 8 மி.மீ. வடிகால் துளை போட்டு உள்ள மெழுகு ஸ்பிரே அடிங்க. பாதி அடைச்சு பாதி விடுறதுதான் மோசம், தண்ணி உள்ள போகும், வெளிய வராது. ஹாட் டிப் கால்வனைசிங் பண்ற எண்ணம் இருந்தா முனையை அடைக்கவே கூடாது. காத்து போற துளையும் வடிகால் துளையும் கண்டிப்பா வேணும். மூடின பைப் துத்தநாகத் தொட்டியில இறங்கினா உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி வெடிக்கும்.

வெல்டிங்ல நான் திரும்பத் திரும்பச் சொல்றது: நீளச் சட்டத்தோட அடிப்பரப்புல குறுக்கா வெல்டு போடாதீங்க. இழுவிசை முழுக்க அங்கதான், வெல்டு ஓரத்துலதான் முதல் கீறல் வரும். ஏ கால்கள் முன் குறுக்குச் சட்டத்துக்கு அடியில போற இடம்தான் எல்லா டிரெய்லரும் உடையிற இடம். காலை அங்கேயே நிறுத்தாம ரெண்டாவது குறுக்குச் சட்டம் வரைக்கும் கொண்டுபோங்க, ஒட்டுற இடத்துல 5 மி.மீ. தகட்டுல கசெட் (மூலைத் தாங்கு தகடு) வெச்சு, நீளவாக்குல மட்டும் வெல்டு போடுங்க. வடிகால் தவிர வேற துளை போடணும்னா பக்கச்சுவரோட நடு உயரத்துல போடுங்க, மேல் கீழ் பரப்புல வேண்டாம். ஸ்பிரிங் ஹேங்கர் வர்ற இடத்துல மட்டும் அடியில 5 மி.மீ. தகடு ஒட்டி அதுமேல ஹேங்கரை வைங்க. தகட்டோட நீளவாக்கு ஓரம் ரெண்டுக்கு மட்டும் வெல்டு, குறுக்கு ஓரத்தை விட்டுடுங்க.

முதல்ல எல்லாத்தையும் டாக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் அடிச்சு, மூலைவிட்டம் ரெண்டையும் டேப்பால அளங்க. 3 மீட்டர் ஃபிரேம்ல 3 மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. டியூப் மட்டம் வெச்சு நாலு மூலையையும் பாருங்க, முறுக்கு இருந்தா அதுல தெரிஞ்சிடும். அப்புறம் ஒரு மூலை, எதிர் மூலைன்னு மாத்தி மாத்தி 50 மி.மீ. வெல்டு. ஒரே பக்கம் இழுத்துட்டே போனா சூட்டுல ஃபிரேம் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிடும். ஆக்சில் மாட்டினதும் கப்ளர் நடுவுல இருந்து ரெண்டு ஹப் (சக்கரக் குடம்) முனைக்கும் அளவு எடுங்க, அதுவும் 3 மி.மீ.க்குள்ள. இதை விட்டுட்டா டயர் ஒரு பக்கம் தேயும், வண்டி கோணலா வரும்.

நாகலூர் காப்பி:
மலைப்பாதையை வெச்சு முன்நீட்டம் பத்திச் சொல்றேன். அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. அதுல வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையில கோணம் நல்லாவே விழும். நடுவுல பஸ் வந்து நின்னா ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும், அப்பதான் கோணம் 90 வரைக்கும் போகும். டிரெய்லர் பெட்டியோட முன்முகம் பாலில் இருந்து எவ்வளவு தூரமோ, அது பாலில் இருந்து உங்க வண்டியோட பின்பம்பர் மூலைக்கு இருக்கிற தூரத்தைவிட அதிகமா இருக்கணும். பம்பர்ல இருந்து பால் 200 மி.மீ. பின்னாடி, வண்டிப் பாதி அகலம் 870ன்னு வெச்சா அந்த மூலைக்கு 900 மி.மீ. வருது. 1200 முன்நீட்டம்னா 300 மி.மீ. மிச்சம். 900க்குக் கீழ போனா பெட்டி மூலை பம்பரைக் கிழிக்கும்.

பொலிரோவுக்கு ஒரு தனிக் கவனம் வேணும். ஸ்டெப்னி பின்கதவுல தொங்குது, கதவு பக்கவாட்டுல திறக்குது. டிரெய்லர் முனையைத் தாங்குற ஜாக்கிச் சக்கரத்தோட கைப்பிடி அந்த ஸ்டெப்னியில இடிக்காத இடத்துல இருக்கணும். பாலோட இடம் முடிவு பண்றதுக்கு முன்னாடி கதவை முழுசா திறந்து வெச்சு அளந்துடுங்க.

அகலமும் பாருங்க. சக்கரம் பெட்டிக்கு வெளியனா 5 அடி பெட்டியும் மட்கார்டும் சேர்ந்து 2 மீட்டர் கிட்ட வரும், வண்டியைவிட ஒவ்வொரு பக்கமும் அரை சாண் பிதுங்கி நிக்கும். வளைவுல டிரெய்லர் சக்கரம் வண்டிச் சக்கரத்தைவிட உள்பக்கமா வெட்டிட்டுதான் வரும், அந்தப் பக்கம்தான் கல்வெர்ட்டும் வடிகாலும். பெட்டியை 4½ அடியாக்கினா நல்லது. கொல்லிமலை ஆசை இருந்தா விட்டுடுங்க, அங்க 70 வளைவு, டிரெய்லரோட போற ரோடு இல்லை அது.

பிரேக்? 700 கிலோவுக்குத் தேவையில்லைன்னுதான் தோணுது. பிக்கப் எல்லாம் அதைவிட அதிகம் ஏத்திட்டு எஸ்டேட்டுக்கு வந்து போகுது.

கணக்குநோட்டு:
இதில் நான் உடன்படவில்லை. பிக்கப்பில் ஏற்றும் எடைக்கு அதன் நான்கு சக்கரமும் பிரேக் பிடிக்கிறது, அந்த எடையும் அதே சக்கரங்களை அழுத்துகிறது. பிரேக் இல்லாத டிரெய்லர் 600 கிலோவைத் தன் சக்கரத்தில் சுமந்துகொண்டு, தள்ளுவதை மட்டும் உங்களுக்குக் கொடுக்கும். வளைவில் பிரேக் போடும்போது அந்தத் தள்ளல் வண்டியின் வாலைப் பக்கவாட்டில் நெட்டும். மழை பெய்த ரோட்டில் அது போதும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1200 மீட்டர். 700 கிலோ அந்த உயரத்திலிருந்து இறங்கும் ஆற்றல் முழுவதும் எங்காவது சூடாகியே தீர வேண்டும். பொலிரோ மேனுவலில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு எவ்வளவு அனுமதி என்று பார்த்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

அதற்காக ஓவர்ரன் பிரேக் போட்டதும் கவலை தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். டிரெய்லர் முன்னால் தள்ளும்போதுதான் அது பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால் பிரேக் டிரம் விடாமல் உரசிச் சூடேறும். இரண்டாம் கியர், தேவைப்பட்டால் முதல் கியரில் இறங்க வேண்டும். நடுவில் நிறுத்தி, தொடாமல் கையை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு பக்கம் மட்டும் அதிகம் சுடுகிறதா பாருங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போதும் அது பிடித்துக்கொள்ளும், அதனால் ரிவர்ஸ் லாக் உள்ள கப்ளர் வாங்குங்கள். கப்ளர் கழன்றால் பிரேக்கை இழுக்கும் பிரேக்அவே கேபிளை வண்டியின் சேசிஸில் மாட்ட வேண்டும், பாலின் கழுத்தில் அல்ல. பாதுகாப்புச் சங்கிலி ரெண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டினால், கழன்றாலும் முனை ரோட்டில் குத்தாமல் சங்கிலியில் உட்காரும்.

நாகலூர் காப்பி:
இறக்கத்துல வாலை நெட்டுறது பத்திச் சொன்னது சரி சார். மழைக்காலத்துல பாசி பிடிச்ச வளைவு நிறைய இருக்கு. பிரேக் இருக்கட்டும்.

மலைவாசல்:
ஓவர்ரன் பிரேக் போட்டுவிடுகிறேன். பழைய கார் ஆக்சில், லோடு ஆட்டோ ஸ்பிரிங் இப்படி ஏதாவது பொருந்துமா?

கொண்டலாம்பட்டி பட்டறை:
டிஃபரன்ஷியல் இருக்கிற ஆக்சில் வேண்டாம், வீண் எடை. முன்சக்கர இழுவை காரோட பின்பக்க ஆக்சில் போடலாம், ஆனா அந்தக் கார்ல பின் ஆக்சிலுக்குக் கம்பெனி சொன்ன எடைக்கு மேல போகாதீங்க. டம்மி ஆக்சில் (இன்ஜின் சுத்தாத வெறும் ஆக்சில்) புதுசா செய்யிறதுதான் நிம்மதி. லாரி பாடி கட்டுற நாமக்கல், சங்ககிரி பக்கம் ஹப்பும் அது உக்கார்ற ஆக்சில் முனையும் (ஸ்டப்) கடைசல் பிடிக்கத் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க.

ஸ்பிரிங் தேர்வு பண்றதுல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. பலமா இருக்கட்டும்னு கனமான செட் போட்டா அது அசையவே அசையாது, அடி முழுக்க பெட்டிக்குப் போகும். உங்க எடைக்கு ஒரு ஸ்பிரிங் மேல 255 கிலோ வரும், நின்ன நிலையில 50 மி.மீ. இறங்கினா நல்லது. சோதிக்க ஒரு வழி சொல்றேன். வெறும் ஃபிரேம்ல ஆக்சிலுக்கு நேர் மேல 50 கிலோ சிமென்ட் மூட்டை 10 அடுக்குங்க. அடுக்கும் முன்னாடி ஒரு அளவு, அப்புறம் ஒரு அளவு. 40ல இருந்து 60 மி.மீ. வரைக்கும் இறங்கினா சரி. 15தான் இறங்குதுன்னா பட்டை குறைங்க. அடியில இருக்கிற குட்டைப் பட்டையைத்தான் எடுக்கணும், மெயின் பட்டையையும் அதுக்கு அடுத்ததையும் தொடாதீங்க. குறைச்சதும் மறுபடி மூட்டை ஏத்திப் பாருங்க. ஸ்பிரிங்கை ஆக்சிலோட கட்டுற யு போல்ட்டை முதல் 100 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப டைட் பண்ணணும், பட்டைகள் அமுங்கி உக்காரும்போது தளர்ந்திருக்கும்.

பேரிங் டேப்பர் ரோலர். நட்டை டைட் பண்ணிக்கிட்டே சக்கரத்தைச் சுத்துங்க, கனமா சுத்த ஆரம்பிச்சதும் ஆறுல ஒரு பங்கு சுத்து திரும்ப லூஸ் பண்ணி காட்டர் பின் போடுங்க. சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா லேசா உணரணும், டக்குன்னு சத்தம் வரக் கூடாது. டயருக்கு ஒரு சக்கரத்து மேல 300 கிலோ வருது. லோட் இண்டெக்ஸ் 80ன்னா 450 கிலோ தாங்கும், போதும். டயர் ஓரத்துல நாலு இலக்கம் பாருங்க, 2319ன்னா 2019ம் வருஷம் 23வது வாரம். ரோட்டைத் தொடுற கட்டை தேயாம நல்லா இருக்குன்னு பத்து வருஷ டயர் போடாதீங்க. நின்னே கிடக்கிற டிரெய்லர்ல டயர் தேஞ்சு போறதில்லை, வெடிச்சுதான் போகும்.

நாகலூர் காப்பி:
பெயின்ட். மலை மேல பனிமூட்டம் மாசக்கணக்கா இருக்கும், வெறும் ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடிச்ச கேட் எல்லாம் மறு வருஷமே உரியுது. வெல்டு பொறுக்கு, கசடு எல்லாம் சிப்பிங் ஹாமர்ல தட்டி எடுங்க. கிரைண்டர்ல ஒயர் வீல் போட்டு, பைப்போட கறுப்புத் தோல் போற வரைக்கும் உரசுங்க. தின்னர் நனைச்ச துணியால துடைங்க, துணி கறுப்பாகாம வர்ற வரைக்கும். எபாக்ஸி ஜிங்க் ஃபாஸ்பேட் பிரைமர் ரெண்டு கோட், அதுக்கு மேல பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட். எபாக்ஸியை மட்டும் விட்டா வெயில்ல மாவு மாதிரி உதிரும். ஸ்பிரே அடிக்கிறதுக்கு முன்னாடி வெல்டு ஓரம், மூலை, துளை எல்லாத்துக்கும் பிரஷ்ல ஒரு கை போட்டுடுங்க, கூர்மையான இடத்துல ஸ்பிரே நிக்காது. காலை 10 மணிக்கு முன்னாடி அடிக்காதீங்க, இரும்பு மேல பனி ஈரம் இருக்கும்.

தரைக்கு ஐஎஸ் 710 மெரைன் பிளை 12 மி.மீ. எம்ஆர் பிளை வேண்டவே வேண்டாம். பிளைவுட்டோட வெட்டு ஓரத்துல எபாக்ஸி தடவி, இரும்புக்கும் பிளைக்கும் நடுவுல இபிடிஎம் ரப்பர் பட்டை. அந்த இடைவெளி இல்லைன்னா ராத்திரி குளிர்ல இரும்புல வியர்க்கிற தண்ணி நேரா மரத்துக்குள்ள போகும். எம்10 8.8 கிரேடு போல்ட், அகல வாஷர், நைலாக் நட், 600 மி.மீ.க்கு ஒண்ணு.

ஓமலூர் ஒயரிங்:
ஒயரிங்குக்கு 7 பின் சாக்கெட். 1 இடது இண்டிகேட்டர் மஞ்சள், 2 ஃபாக் நீலம், 3 எர்த் வெள்ளை, 4 வலது இண்டிகேட்டர் பச்சை, 5 வலது டெயில் பழுப்பு, 6 பிரேக் சிவப்பு, 7 இடது டெயில் கறுப்பு. விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ., எர்த்துக்கு 2.5 சதுர மி.மீ. எர்த்தை பால் வழியாக வரட்டும் என்று விடாதீர்கள். பாலில் கிரீஸ் இருக்கிறது, பிரேக் அழுத்தினால் இண்டிகேட்டர் மங்கலாக மினுக்கும். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் எர்த் ஒயர் தனியாக சாக்கெட்டின் 3ம் பின்னுக்கு வரட்டும். ஃபிரேமின் துளை வழியாக ஒயர் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் கிராமெட் போடுங்கள்.

மலைவாசல்:
கடைசியாக ஒன்று. முனை எடையை எதில் அளப்பது? வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசுதான் இருக்கு, 120 கிலோ வரை.

கணக்குநோட்டு:
அதுவே போதும், உங்கள் கணக்கில் 77தான். சம தரையில், டிரெய்லர் இழுக்கும்போது இருக்கும் உயரத்தில், கப்ளருக்கும் தராசுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி அளந்து பாருங்கள். சக்கரத்துக்கு முட்டு வைத்துவிட்டு ஜாக்கிச் சக்கரத்தை முழுவதும் மேலே தூக்கிவிட வேண்டும். 120ஐத் தாண்டும் என்று சந்தேகமாக இருந்தால் 1 மீட்டர் உறுதியான சட்டம் ஒன்றை ஒரு முனையில் செங்கல் மேலும், 90 செ.மீ. தள்ளித் தராசு மேலும் வைத்து, செங்கல்லிலிருந்து 30 செ.மீ.யில் கப்ளரை இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்க வேண்டும். மொத்த எடைக்கு எடை மேடைக்குப் போய், வண்டியிலிருந்து கழற்றி டிரெய்லரை மட்டும் ஏற்றி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இடது சக்கரம் மட்டும், வலது சக்கரம் மட்டும் என்று தனித்தனியாக. ரெண்டுக்கும் 30 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேட்டரியை எதிர்ப் பக்கம் மாற்றுங்கள். இதைத் தண்ணீர் நிரப்பி ஒருமுறை, காலி செய்து ஒருமுறை என்று பெட்டியின் உள்வேலைக்கு ஆணி அடிக்கும் முன்பே செய்துவிட்டால் எதை வேண்டுமானாலும் நகர்த்த முடியும்.

மலைவாசல்:
சரி சார். பைப் வாங்க வெர்னியரோடு கிளம்புகிறேன். ஆர்டிஓ ஆபீசில் படத்தைக் காட்டிவிட்டு என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.

கொண்டலாம்பட்டி பட்டறை:
படத்துல ஆக்சில் 3100ன்னு மட்டும் போடாதீங்க தம்பி, ஹேங்கர் துளை ரெண்டோட இடமும் போடுங்க. பட்டறையில அதை வெச்சுதான் டாக் அடிப்போம்.